எரிமலை வாத்தியாருக்கு

ஏலே பேராண்டி, அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்யப் போறியாமே, உங்க ஆச்சி சொன்னா. தெர்மாகோலு, சிவப்புச் சாயம், சமையல் சோடா, வினிகரு... செய்யி, செய்யி. வருசா வருசம் நம்ம பள்ளிக்கூடத்துல வெடிக்கிறது, இந்த வருசம் வெடிக்கலன்னா மழை தப்பிரும்.

நெசமாப் பொங்குற எரிமலை நம்ம நாட்டுல ஒண்ணே ஒண்ணுதான், அந்தமான் பக்கம் பேரன் தீவுல. பேரைப் பாத்தியா? அங்க பொங்குறது உருகின பாறை. உன் தெர்மாகோல்ல பொங்குறது, புளிப்புல சோடா விழுந்தா வர்ற கரியமில வாயு. ஏப்பம்டே அது! ஏப்பத்தை எரிமலைங்கிற. சரி, வாத்தியார் சொன்னா சரிதான்.

போன வாரம் உன் வகுப்பு ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். செய்யிறது நீ, நாப்பது புள்ளைகளும் கையைக் கட்டிக்கிட்டுச் சாமி கும்பிடுதுக. தட்டுல தண்ணி, நடுவுல மெழுகுவத்தி, மேல தம்ளரைக் கவுத்துன. வத்தி அணைஞ்சுச்சு, தண்ணி ஏறிச்சு. ‘ஆக்சிஜன் தீந்த இடத்துக்குத் தண்ணி வந்திருச்சு, அஞ்சுல ஒரு பங்கு’ன்ன. கடைசி பெஞ்சுப் பய ஒருத்தன், ‘மூணு வத்தி வச்சா?’ன்னான். ‘பாடத்துல இல்ல, உக்காரு’ன்னு அமுக்கிட்ட. கெட்டிக்காரன்டே நீ.

அந்தப் பயலைச் சாயங்காலம் நம்ம திண்ணைக்குக் கூட்டியாந்தேன். மூணு வத்தி வச்சோம். தண்ணி இன்னும் மேல ஏறுது! தம்ளரு அதே தம்ளரு. கூடுதல் ஆக்சிஜனை எந்த ரேசன் கடையில போய் வாங்கிச்சு? பய தரையோட தலையை வச்சுப் பாத்துட்டு, ‘தாத்தா, கவுத்தும்போதே ஓரத்துல குமிழு குமிழா வெளிய போகுது’ன்னான். சூட்டுல காத்து விரிஞ்சு கொஞ்சம் ஓடிப்போகுது. அணைஞ்சு ஆறினதும் மிச்சக் காத்து சுருங்க, வெளிக்காத்து தண்ணியை உள்ள தள்ளுது. வாயுப்பிடிப்புக்கு உங்க ஆச்சி என் முதுகுல திரியைக் கொளுத்திச் செம்பைக் கவுத்துவாள்ல, அது கவ்விப் பிடிக்கிறதும் இதே சங்கதிதான். அவ எம்.எஸ்சி. படிக்கல, பாவம்.

அஞ்சுல ஒரு பங்குதான் காட்டணும்னா, துருப்பிடிக்கிற இரும்பு நாரை நனைச்சுக் குழாய்க்குள்ள திணிச்சு, தண்ணியில கவுத்து வச்சிரு. துரு ஆக்சிஜனைத் தின்னத் தின்னத் தண்ணி ஏறும். என்ன, சில நாள் ஆகும். கண்காட்சிக்கு வர்ற அதிகாரி அதுவரைக்கும் நிப்பாரா?

மத்தியப்பிரதேசத்துல அப்போ ஹோஷங்காபாத்துன்னு ஒரு ஜில்லா இருந்துச்சு. அங்க 1972ல 16 பள்ளிக்கூடத்துல அறிவியல் பாடத்துக்கு ஒரு கூத்து ஆரம்பிச்சாங்க. புள்ளைகளே கூட்டங்கூட்டமா உக்காந்து செஞ்சு பாக்கணும். புத்தகத்துல கேள்வி இருக்கும், விடை இருக்காது. பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கலாம். 30 வருசம் நடந்து, 2002ல அரசாங்கம் நிப்பாட்டிருச்சு. விடையில்லாத புத்தகம்னா யாருக்குத்தான் வயித்தைக் கலக்காது? உனக்கென்ன, கைடு இருக்கு.

ஆய்வகப் பீரோ சாவி பத்திரமா இருக்குல்ல? புள்ளைக தொட்டா கண்ணாடிக் குழாய் உடைஞ்சிரும். அம்புட்டையும் பூட்டியே வையி. நீ ரிட்டையர் ஆகும்போது எண்ணிக் குடுத்துட்டுப் போகலாம்.

அப்புறம், எரிமலைக்கு வாங்கின சோடாவுல மிச்சமிருந்தா ஒரு சிட்டிகை கொண்டா. ராத்திரி உங்க ஆச்சி வச்ச மொச்சைக் குழம்பு இன்னும் உள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கு.