மம்பட்டிக் கணை: முறிவும் மறுவாழ்வும்

ஆய்வுப் பொருளும் எல்லையும்

இவ்வாய்வு மண்வெட்டியைப் பற்றியதன்று. அதன் கைப்பிடியைப் பற்றியது. மண்வெட்டி எங்கள் பக்கம் மம்பட்டி. அதன் கைப்பிடி கணை. பிற வட்டாரங்களில் காம்பு என்பர், பிடி என்பர். ஆய்வாளர் திருநெல்வேலிக்காரர் ஆதலால் இக்கட்டுரையில் கணையே வழங்கும். உடன்படாதோர் தனிக் கட்டுரை எழுதிக்கொள்ளலாம். ஆய்வுக் களம், ஆய்வாளர் வீட்டுப் புறவாசல். முதன்மைத் தரவு, முறிந்த கணை ஒன்று. தகவலாளர், ஆய்வாளரின் பெரியப்பா.

முறிவு நிகழ்ந்த சூழல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, “அஞ்சு நிமிசம் மம்பட்டியக் குடுங்க” என்று வாங்கிப் போனார். சாயங்காலம் அது இரண்டாகத் திரும்பி வந்தது. “உள்ளயே உளுத்துருக்கும் போல” என்பது அவர் அளித்த வாக்குமூலம்.

முறிவிடத்தை ஆய்வாளர் கூர்ந்து நோக்கினார். உளுப்பு இல்லை, கறையான் இல்லை. இரும்புத் தலையின் கண்ணை ஒட்டிய கழுத்தில், மரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. வெட்டும்போது முறிந்தால் இப்படிக் கிழியாது. அண்ணாச்சி வாழைக்கட்டையை மம்பட்டியால் நெம்பியிருக்கிறார். மூன்றடிக் கணையின் ஒரு முனையில் ஆளின் பாரம், மறுமுனையில் வாழைக்கட்டையின் பிடிவாதம். இரண்டும் சேர்ந்து வந்து விழும் இடம் அந்தக் கழுத்து. இதிலிருந்து கணையியலின் முதல் விதி பெறப்படுகிறது: சொந்தக்காரர் கையில் கணை முறிவதில்லை.

மொழி இழைத்த அநீதி

மண்வெட்டி என்ற பெயரில் மண் இருக்கிறது, வெட்டு இருக்கிறது, கணை இல்லை. வெள்ளைக்காரர்கள் இச்சொல்லைத் தங்கள் ஆங்கிலத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் தமிழ் மூலத்தைக் காட்டி, மண்ணை வெட்டுவது என்றே பொருள் சொல்கிறது. உழைப்பில் பாதி கணையினுடையது. பெயர் முழுவதும் இரும்புக்கு.

தமிழில் கணையினத்துக்குப் பெயர் கிடைத்த இடம் ஒன்று உண்டு. அது கோடாரிக் காம்பு. இனத்தைக் காட்டிக்கொடுப்பவனுக்கு அதை வசவாக வைத்திருக்கிறோம். வெட்டியது இரும்பு, துரோகி ஆனது மரம். ஆப்பின் கதியும் இதுதான். தலை கழன்று அடுத்தவன் மண்டையில் விழாமல் காப்பது அந்தச் சின்ன மரத்துண்டு. நாமோ ஒருவன் பிழைப்பைக் கெடுத்தால் ‘ஆப்பு வைத்துவிட்டான்’ என்கிறோம்.

வரலாற்று நோக்கு

தொல்லியலாரும் இவ்விஷயத்தில் நடுநிலை தவறியவர்களே. மரம் மக்கிப்போகும், இரும்பு துருவோடாவது மிஞ்சும் என்பதால் ஒரு காலத்துக்கே இரும்புக் காலம் என்று பெயரிட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டு இரும்பின் தொன்மை குறித்து 2025 சனவரியில் மாநில அரசு வெளியிட்ட ஆய்வு முடிவில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்குக் கிடைத்த மிகப் பழைய காலக்கணக்கு கி.மு. 3345. அந்த வயதைச் சொன்னது இரும்பன்று. அதனோடு கிடந்த கரித்துண்டு. இரும்புக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததும் எரிந்த மரம்தான்.

விதிவிலக்காக ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட ‘ஓட்சி’ என்னும் மனிதனைக் கூறலாம். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உறைந்து கிடந்த அவனுடைய செப்புக் கோடாரி, யூ மரக் காம்போடு முழுசாகக் கிடைத்தது. அவன் அதை யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை என்று ஆய்வாளர் கருதுகிறார்.

மீட்பு முறையியல்

கடைத்தெருவில் களஆய்வு மேற்கொள்ளப்பட்டது. “இப்ப யாரு சார் கணை போடுதா? பைப்பு வெல்டிங் வச்சது இருக்கு, ஆயுசுக்கும் ஒடியாது” என்றார் இரும்புக் கடைக்காரர். ஒடியாது, உண்மை. ஆனால் வெயிலில் உள்ளங்கையைச் சுடும். கல்லில் பட்ட அதிர்ச்சியை மரம் பாதி வாங்கிக்கொள்ளும். பைப்போ அப்படியே மணிக்கட்டுக்கு அனுப்பிவைக்கும். கணை ஒடிந்தால் மாற்றலாம் என்பதே கணையின் பெருமை.

எனவே ஆய்வாளர் பெரியப்பாவிடம் சென்றார். முதல் சிக்கல், கண்ணுக்குள் சிக்கியிருந்த முறிந்த துண்டு. அடுப்பில் போட்டு எரித்துவிடலாம் என்று ஆய்வாளர் முன்மொழிந்தார்.

“ஏல, அடுப்புல போட்டுறாத. பதம் போயிரும். அப்புறம் மண்ணு மம்பட்டிய வெட்டும்.”

பெரியப்பாவே கம்பியை வைத்துத் தட்டி, துண்டை வெளியேற்றினார். புதுக் கணைக்குக் காய்ந்த கருவேலங்கம்பு. கணு இல்லாமல், நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேரே ஓட வேண்டும். நார் குறுக்கே ஓடினால் அந்த இடத்தில்தான் பிளக்கும். அரிவாளால் சீவி, உடைந்த பாட்டில் கண்ணாடியால் சுரண்டினார். மெல்லிய சுருள்கள் மடியில் உதிர்ந்தன. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கணையைக் கையால் தடவிப் பார்த்தார். “கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது” என்றார். பிறகு தலையை மாட்டி, தலை மேலே இருக்கும்படி பிடித்து, கணையின் அடியைக் கல்லில் நச்சு நச்சென்று குத்தினார். இரும்பு தன் பாரத்தாலேயே இறங்கி இறுகியது. நுனியில் ரம்பத்தால் கீறியிருந்த வெட்டில் ஆப்பு இறங்கியது. கடைசியாக வேப்பெண்ணெய்.

கணை ஆடும்போது மம்பட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடும் மரபு வழிச் சிகிச்சை பற்றியும் வினவப்பட்டது. ஊறிய மரம் உப்பி இறுகும். இரும்பு இடம் கொடாததால் நார் நசுங்கும். காய்ந்ததும் முன்னைவிடச் சுருங்கி இன்னும் ஆடும். “அது மருந்து இல்லல, வாய்தா” என்றார்.

தத்துவச் சிக்கல்

பெரியப்பா தமக்கென்று வைத்திருக்கும் மம்பட்டி தாத்தாவுடையது. கணை நாலு முறையும் தலை இரண்டு முறையும் மாற்றப்பட்டுள்ளன. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் தகராறு செய்ததைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இது எப்படி இன்னும் தாத்தா மம்பட்டி என்று ஆய்வாளரும் கேட்டார்.

“ஊருல இன்னிக்கும், ‘ஒங்க ஐயா மம்பட்டியக் குடுங்க’ன்னுதானல வந்து கேக்கான்?”

ஒரு பொருள் அதே பொருள்தானா என்பதை இரவல் கேட்பவர்களே முடிவுசெய்கிறார்கள் என்னும் இக்கோட்பாடு கிரேக்கர்களுக்குத் தோன்றவில்லை.

முடிவும் பரிந்துரையும்

கணை முறிவதற்கு மரமும் காரணமன்று, இரும்பும் காரணமன்று. வெட்டப் பிறந்ததை வைத்து நெம்புவதே காரணம். இரவல் கொடுப்பதை நிறுத்தச் சொல்ல இவ்வாய்வுக்குத் துணிவில்லை, அண்ணாச்சி பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். ஆகவே வாசகர்களுக்கு ஒரே வேண்டுகோள்: யாராவது மம்பட்டி கேட்டு வந்தால், கேட்காமலே கடப்பாரையையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.