ஓட்டை இடமாற்ற விதி: ஜெயங்கொண்டம் வட்டார ஓட்டு வீடுகளில் ‘தன்கொத்தர்’ மரபு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வு நோக்கமும் எல்லையும்

பழைய வீட்டைக் கொத்தனாரை அழைக்காமல் தானே பழுதுபார்க்கும் குடும்பத் தலைவரை இக்கட்டுரை ‘தன்கொத்தர்’ என்று குறிக்கிறது. இவர் பள்ளி ஆசிரியராகவோ, கூட்டுறவுச் சங்க எழுத்தராகவோ, முந்திரிக்கொட்டை வியாபாரியாகவோ இருப்பார். ஏதோ ஒரு சனிக்கிழமை காலையில் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, கைலியை மடித்துக் கட்டி, “இதுக்குப் போயி ஆளு வைக்கணுமா?” என்று கேட்கும் நொடியில் இவருக்குள் தன்கொத்தர் பிறக்கிறார். இவரைப் பற்றிக் கல்வெட்டுகளில் குறிப்பில்லை. அந்தக் குறையை நீக்குவதே இந்த ஆய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை ஜெயங்கொண்டமும் சுற்றுப்புற ஊர்களும். எல்லை வகுப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. இங்கே இரண்டு தலைமுறையாக நிற்கும் வீடு, ஓர் அங்குலமும் நகராமல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூருக்கும், 2001இல் அரியலூருக்கும், 2002இல் மறுபடி பெரம்பலூருக்கும், 2007இல் மறுபடி அரியலூருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆவணங்களில் இத்தனை அலைச்சல் பட்ட வீட்டில் நாலு ஓடு சரிந்திருந்தால் அதை வீட்டின் குற்றமாகக் கொள்ளலாகாது.

2. முன்னோடிகள்

இவ்வட்டாரத்தில் பழைய வீட்டுப் பிரச்சினையை முதன்முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் முதலாம் இராசேந்திர சோழன். அப்பா ஆண்ட தஞ்சாவூர் அவருக்கு இருந்தது. கோயிலும் கோட்டையும் அரண்மனையுமாக எல்லாம் தயார். நம் ஊர் வழக்கப்படி, அங்கே ஒரு அறையை இழுத்துக் கட்டி, வெள்ளையடித்துக் குடியிருந்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே வந்து, ஜெயங்கொண்டத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், கங்கைகொண்ட சோழபுரம் என்று ஒரு தலைநகரையே புதிதாகக் கட்டிக்கொண்டார். பழையதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாகக் கட்டுவது சுலபம் என்ற கொத்தனார்கள் கூற்றுக்கு இதைவிடப் பெரிய சான்று கிடைக்காது. ஆனால் அதைப் பின்பற்றக் கங்கைவரை சென்று வந்த கஜானா வேண்டும்.

அந்த அரண்மனை இருந்த இடம் இன்று மாளிகைமேடு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலும், 2021க்குப் பிறகும் அங்கே அகழாய்வு செய்தது. செங்கல் சுவர்கள், கருங்கல் தூண் அடித்தளங்கள், இரும்பு ஆணிகள், குவியல் குவியலாகக் கூரை ஓடுகள் வெளிப்பட்டன. சிறிய தட்டை ஓடுகளை அடுக்கடுக்காகப் பரப்பி, நைசான சுண்ணாம்புச் சாந்தால் பிடித்துக் கூரை போட்டிருக்கிறார்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கங்கையும் கடாரமும் கொண்டவன் ஓட்டு வீட்டில்தான் குடியிருந்தான். ஐப்பசி மழையில் அவன் தலைமாட்டிலும் ஒரு சொட்டு விழுந்திருக்குமா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

3. கருதுகோள்

நம் ஆய்வின் மையக் கருதுகோள் இது: ஓட்டை அழிவதில்லை, இடம் மட்டும் மாறுகிறது. இதை ‘ஓட்டை இடமாற்ற விதி’ எனலாம்.

இதற்கு வரலாற்றுச் சான்று கொள்ளிடத்தில் இருக்கிறது. கொள்ளிடம் தாழ்ந்து போய்க் காவிரிக்குத் தண்ணீர் குறைந்ததால், 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். காவிரிக்குத் தண்ணீர் வந்தது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதிப் பாசனத்துக்குக் குறைந்தது. அதை ஈடுகட்ட, நம் பக்கம் அணைக்கரையில் கீழணை எழுந்தது. மேலே காவிரிக்குள் இப்போது தண்ணீர் அளவுக்கு மீறிப் புக, அதைக் கட்டுப்படுத்தக் காவிரி பிரியும் இடத்தில் 1845இல் இன்னோர் அணை வேண்டியிருந்தது. ஒரு பழுதைச் சரிசெய்யப் போய் அடுத்த பழுது, அதைச் சரிசெய்ய இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்தத் தன்கொத்தரும் இருக்கும் நிலை இதுவே.

கீழணைக்குக் கல் வேண்டும். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் கருங்கல் மதில் பக்கத்திலேயே இருந்தது. ஊர்மக்கள் தடுத்தும் மதிலை இடித்து எடுத்துப் போனார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களித்தார்கள். அந்த வாக்கு நிறைவேறவே இல்லை என்று 1855ஆம் ஆண்டின் குறிப்பொன்று வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. கொள்ளிடத்தில் இருந்த இடைவெளி கோயில் மதிலுக்கு இடம்பெயர்ந்தது. “அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்” என்னும் வாக்குறுதி நம் வட்டாரத்தில் எழுத்தில் பதிவானதும் இப்படித்தான்.

4. கருவிகள்

தொழில்முறைக் கொத்தனாரிடம் ரசமட்டம், தூக்குக்குண்டு, மட்டப்பலகை, மணியாசுக் கட்டை, பூச்சுக் கரண்டி எல்லாம் இருக்கும். தன்கொத்தரிடம் இவற்றின் பதிலிகள் இருக்கும். ரசமட்டத்துக்குப் பாதி தண்ணீர் உள்ள பாட்டில். தூக்குக்குண்டுக்குச் சணலில் கட்டிய திண்டுக்கல் பூட்டு. சல்லடைக்கு, வீட்டில் தேடப்பட்டுக்கொண்டிருக்கும் மாவுச் சல்லடை. ஏணி எப்போதும் பக்கத்து வீட்டுடையது. சித்தாள் பதவி, தேர்வுக்குப் படிக்க வேண்டிய மகனுக்கு.

இவை தவிர, ‘ஆலோசகர்’ என்றொரு நிலையான உறுப்பும் உண்டு. எதிர்வீட்டுப் பெரியப்பா நாற்காலியைத் தாமே கொண்டுவந்து போட்டுக்கொண்டு, “ஏம்ப்பா, கலவைல மணல் சாஸ்தி” என்பார். மணலைக் குறைத்தால், “இப்ப சிமெண்டு சாஸ்தி” என்பார். கலவை சரியாக இருந்த நேரத்தில் அவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

5. களம் ஒன்று: கூரை

இவ்வட்டாரக் கூரைகள் இரு வகை. குயவர் கையால் செய்த நாட்டு ஓடு ஒன்று. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழிவந்த மங்களூர் ஓடு மற்றொன்று. நாட்டு ஓட்டை அவ்வப்போது பிரித்து அடுக்கியே ஆக வேண்டும். மங்களூர் ஓடு ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் நீண்ட நாள் தாங்கும். பூனையும் குரங்கும் தென்னை மட்டையும் அதை ஒத்துக்கொள்ளும் வரை.

இங்கே நம் விதி ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. மழைநீர் ஓட்டின் விரிசலில் இறங்கி, நேராகக் கீழே விழுவதில்லை. கைமரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடி, தனக்கு வசதியான ஓர் ஆணியிலோ முடிச்சிலோ நின்று, அங்கிருந்து சொட்டும். அதனால் கூடத்தில் சொட்டினால் ஓட்டை கூடத்துக்கு மேலே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மேல்சரிவில் எங்கோ இருக்கும். தன்கொத்தர் இதை அறியாமல் சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஏறுகிறார். நல்லபடியாக இருந்த ஓட்டை எடுத்துவிட்டுப் புது ஓடு வைக்கிறார். போகும் வழியில், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் இல்லாத இடத்தில் கால் வைக்கிறார். அன்றிரவு மழையில் உள்ளிருந்து குரல் வருகிறது: “ஏங்க, இப்ப சமையக்கட்டுல சொட்டுது.”

பாத்திரங்களின் இடமாற்றத்தைக் கொண்டு ஓட்டையின் பயணத்தை வரைபடமாக்கலாம். வாளி கூடத்தில் இருந்தால் பழுதுபார்ப்புக்கு முந்தைய காலம். அண்டா அடுப்படியில் இருந்தால் பிந்தைய காலம்.

6. களம் இரண்டு: சுவர்

பழைய வீட்டுச் சுவர் மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது தடுப்பதில்லை. ஏறவிட்டு, மேற்பரப்பு வழியாக மெல்ல உலரவிடும். சுண்ணாம்பு உதிரும், பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தால் சரியாகிவிடும்.

தன்கொத்தருக்கு உதிர்வதைக் கண்டால் ஆகாது. சிமெண்டு வாங்கி வருகிறார். 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று அதன் தலைநகரங்களில் ஒன்று அரியலூர். டைனோசர் காலத்தில் கடலுக்கடியில் கிடந்த இந்த மண்ணில், அக்காலச் சிப்பிகளும் கிளிஞ்சல்களும் படிந்துதான் கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆனது. அதை அரைத்துச் சுட்டால் சிமெண்டு. அதாவது தன்கொத்தர் 50 கிலோ மூட்டையாகத் தூக்கி வருவது ஒரு பழங்கடலின் துண்டு. அதை வைத்து ஈரத்தைத் தடுக்க நினைக்கிறார்.

முட்டளவு உயரத்துக்குச் சிமெண்டு பூசி, மணியாசுக் கட்டையால் தேய்த்து, தாமே நின்று ரசிக்கிறார். சிமெண்டு பூச்சு ஈரத்தை வெளியே விடாது. ஆகவே அது உள்ளுக்குள்ளேயே ஏறி, பூச்சு முடியும் கோட்டுக்குச் சற்று மேலே உப்பாகப் பூக்கிறது. முட்டளவில் இருந்த பிரச்சினை இடுப்பளவுக்கு உயர்கிறது. அடுத்த ஆண்டு இடுப்பளவுக்குப் பூசினால் மார்பளவு. விதி மீண்டும் வென்றது.

எலி வளைக்கும் இதே கதை. கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் வைத்து அடைத்த மறுவாரம் நெல் மூட்டைப் பக்கம் புது வளை திறக்கிறது. எலி விதியை மீறவில்லை.

7. உளவியல் கூறுகள்

ஓட்டை மட்டுமல்ல, குறையும் இடம்பெயரும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோ 1769இல், புது அங்கி ஒன்று கிடைத்தபின் மேசை, நாற்காலி எல்லாமே பழசாகத் தெரிந்ததாகப் புலம்பி எழுதினார். நம் வீட்டில் முன்னறைக்கு மட்டும் பெயிண்டு அடித்துப் பாருங்கள். நடையும் தாழ்வாரமும் திடீரென்று கிழடாகிவிடும்.

பிறகு ஏன் தன்கொத்தர் ஓய்வதில்லை? ஆய்வாளர்களான நார்ட்டன், மோகோன், ஏரியலி ஆகியோர் 2012இல் வெளியிட்ட கட்டுரை விடை தருகிறது. தாமே மடித்த கோணல் காகிதக் கொக்குக்கு மக்கள் ஏறத்தாழ நிபுணர் மடித்த கொக்கின் விலையைத் தரத் தயாராக இருந்தார்கள். விருந்தினர் வந்ததும் தன்கொத்தர் கைகாட்டுவது சாமி படத்தை அல்ல, தாம் பூசிய அந்த மேடுபள்ளச் சுவரைத்தான். “நம்ம கைவேலை!” விருந்தினர் நாகரிகம் கருதித் தலையசைப்பார்.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

அ. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுக. சிமெண்டுக்குக் கோபம் வராது.

ஆ. சொட்டு விழும் இடத்தை விட்டுவிட்டு, கைமரம் வழியே சரிவில் மேல்நோக்கித் தேடுக. ஓட்டின் மேல் நடக்க நேர்ந்தால், கீழே கட்டை இருக்கும் இடத்தில் மட்டும் மிதிக்க.

இ. மாளிகைமேட்டுச் செங்கல்லைத் தொடற்க. அக்கம்பக்கத்தார் முன்னர் அதை எடுத்து வீடு கட்டிக்கொண்டதுண்டு. இன்று அது தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. இராசேந்திரனின் ஓட்டை நம் வீட்டுக்கு வேண்டாம்.

ஈ. மின்சார வயரை மட்டும் தன்கொத்தர் தொடக் கூடாது. ஓட்டை இடம் மாறலாம். உயிர் மாறினால் திரும்பாது.

உ. ஓட்டை எப்படியும் எங்காவது இருக்கும் என்பதால், அது எங்கே இருந்தால் தொந்தரவில்லை என்பதை முதலில் முடிவுசெய்து, அந்தத் திசையில் தள்ளுக. திண்ணை ஓரம் உகந்த இடம். அடுப்படி, படுக்கை, பத்திரப் பெட்டி மூன்றும் ஆகாது. பழுதுபார்க்கும் கலை இவ்வளவுதான்.

இவ்வாய்வை வாசிக்கும் தன்கொத்தர்கள், வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும் என்பதை நினைவில் வைத்து, கூரை வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுமாறு வேண்டப்படுகிறார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதும் நல்லது. மழை பிடித்ததும் அவர்களுக்கும் அது தேவைப்படும்.