ஒரே உடம்பு, மூன்று தலை

1633இல் வான் டைக் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸைக் குதிரைமேல் ஏற்றி ஒரு ஓவியம் தீட்டினார். மன்னர் ஆள் குள்ளம். ஓவியர் சம்பளக்காரர். ஆகவே குதிரை வெள்ளை மலைபோல வளர்ந்தது. வளைவு வாசல் வழியாக அது நம்மேல் ஏறி வருகிற மாதிரி வரும். மேலே மன்னர் கவசத்தோடு உட்கார்ந்து நம்மைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பக்கத்தில் குதிரையேற்ற ஆசான் தலைக்கவசத்தைச் சுமந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பார். இவ்வளவு பெரிய மிருகத்தையே அடக்குகிறவர் நாட்டை அடக்க மாட்டாரா என்பதுதான் செய்தி.

நாடு அடங்கவில்லை. 1649 ஜனவரி 30 அன்று லண்டனில் மன்னரின் தலையை வெட்டினார்கள்.

பியேர் லொம்பார் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் செப்புத்தகட்டில் உருவப்படம் செதுக்கிப் பிழைத்தவர். ஓவியம் அரண்மனைச் சுவரோடு சரி. செப்புத்தகட்டில் மை தடவி அழுத்தினால் நூற்றுக்கணக்கில் அச்சு விழும், வக்கீல் வீட்டுக் கூடம்வரை அதிகாரம் போய்ச் சேரும். அவர் வான் டைக்கின் அந்தக் குதிரையை எடுத்துக்கொண்டார். மேலே யாரை உட்கார வைத்தார் தெரியுமா? மன்னருக்குப் பின் நாட்டை ஆண்ட ஆலிவர் குரோம்வெல்லை. சார்லஸின் மரண தண்டனை ஆணையில் கையெழுத்துப் போட்ட அதே ஆள், சார்லஸின் சவாரியில்!

கதை அதோடு முடியவில்லை. அதே தகட்டில் குரோம்வெல்லின் முகம் போய், பிரான்ஸின் பதினான்காம் லூயியின் முகம் வந்தது. ஊர்ப்பாசமோ வியாபாரமோ, லொம்பாருக்கே வெளிச்சம். பிறகு மறுபடியும் குரோம்வெல். கடைசியில், இங்கிலாந்தில் முடியாட்சி திரும்பியதும், சுற்றிச் சுழன்று சார்லஸே வந்து சேர்ந்தார். நடுவில் முகமே இல்லாத அச்சுகளும் எடுத்திருக்கிறார்கள்: கவசம் இருக்கிறது, குதிரை இருக்கிறது, கழுத்துக்கு மேலே வெறுமை. பொருட்காட்சியில் ஓட்டைக்குள் தலையை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ளும் அட்டைதான் அது; நீட்டியவர்கள் மட்டும் கொஞ்சம் பெரிய இடம்.

செம்பில் தலை மாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. பழைய கோடுகளைச் சுரண்டினால் அந்த இடம் பள்ளமாகிவிடும். தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்னாலிருந்து சுத்தியலால் பதமாகத் தட்டி மட்டத்துக்குக் கொண்டுவந்து, தேய்த்து வழவழப்பாக்கி, பிறகு புது ஆளின் மூக்கை வெட்ட வேண்டும். அச்சில் இடவலம் மாறி விழும் என்பதால் எல்லாவற்றையும் தலைகீழ்க் கணக்கில். லண்டன் கொலைக்களத்தில் ஒரே வெட்டில் முடிந்த காரியத்துக்கு இங்கே அத்தனை பாடு.

குரோம்வெல் 1658இல் இறந்தார். தகட்டில் தலை போனது போதாதென்று, 1661இல், சார்லஸ் கொல்லப்பட்ட அதே ஜனவரி 30 அன்று, பிணத்தைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டுத் தலையையும் வெட்டினார்கள்.

ஆட்சிகள் இத்தனை மாறியும் தகட்டில் கடைசிவரை பதவியில் நீடித்தது அந்தக் குதிரை ஒன்றுதான்.