தேயிலைச் செடியில் ஏறிப் படிப்பது எப்படி?

இன்று காலையும் பெரியப்பா அனுப்பிவிட்டார். அதே மரம், அதே பெண், அதே காணொளி. கீழே கைகூப்பிய பொம்மைகள், ஒரு ரோஜாப்பூ, "பாத்துக் கத்துக்கோ தம்பி." அனுப்பிய நேரம் விடியற்காலை ஐந்தரை. எங்கள் கேமரன் மலைத் திரிங்காப்பில் அந்த நேரத்துக்குக் காய்கறி லாரி டிரைவர்களும் பெரியப்பாவும்தான் விழித்திருப்பார்கள். லாரிக்காரர்களுக்காவது அதற்குச் சம்பளம் உண்டு.

போதாக்குறைக்கு, கல்லூரியில் விரிவுரையாளர் ஒருவர் இடுபணி கொடுத்திருக்கிறார்: "உங்கள் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்றும், அதிலிருந்து நீங்கள் கற்ற மூன்று பாடங்களும்." ஆகவே மூன்று பாடங்களையும் இங்கேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்கும் பதில் ஆயிற்று, இடுபணியும் முடிந்தது.

பாடத்துக்கு முன் செய்தி. 2020 ஜூன் மாதம், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். சபாவில் பித்தாஸ் பக்கம் ஒரு கிராமம். வெவியோனா மோசிபின் என்ற 18 வயதுப் பெண், சபா மலேசியப் பல்கலைக்கழக மாணவி. இணையவழித் தேர்வு எழுத வேண்டும். வீட்டில் இணையம் கிடைக்கவில்லை. கொசுவலை, பவர் பேங்க், தண்ணீர், சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி, 24 மணி நேரம் அங்கேயே இருந்தார். அதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டார். நாடே நெகிழ்ந்தது. பெரியப்பா இன்னமும் நெகிழ்ந்துகொண்டிருக்கிறார்.

சரி, முதல் பாடம்: மரத்தில் ஏற வேண்டும். ஏறத் தயார். எந்த மரத்தில்?

இது விதண்டாவாதம் இல்லை. எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு எட்டியவரை பச்சை. ஆனால் ஆள் ஏறுகிற மாதிரி ஒன்று கிடையாது. கேமரன் மலை என்றதும் நினைவுக்கு வருவது தேயிலை. அது இடுப்பளவு. அதில் ஏறி நின்றால் தரையில் நிற்பவரின் இடுப்புக்குப் பக்கத்தில் என் பாதம் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இடுப்பளவு உயரத்தில் கூடுதலாக எத்தனை கோடு சிக்னல் வந்துவிடப் போகிறது?

இத்தனைக்கும் தேயிலை இயற்கையில் செடியே அல்ல. அசாம் வகைத் தேயிலையை வெட்டாமல் விட்டால் 30, 40 அடி மரமாக வளரும். கைக்கு எட்ட வேண்டும், கொழுந்து ஓயாமல் வர வேண்டும் என்று வெட்டி வெட்டியே அதைச் செடியாக்கி வைத்திருக்கிறார்கள். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து கணக்குப் போட்டால், இந்த மலையில் கவாத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. ஏக்கருக்கு ஒரு மரத்தையாவது விட்டுவைத்திருந்தால், இன்று தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தன்முனைப்புக் காணொளி போட்டிருப்போம். கொழுந்தை யோசித்தவர்கள் கொழுந்து எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுடைய இணையவழித் தேர்வை யோசிக்கவில்லை. தொலைநோக்கு இல்லாத வெள்ளைக்காரர்கள்.

தேயிலையை விடுங்கள். திரிங்காப்பில் அடுத்து இருப்பது காய்கறி. முட்டைக்கோஸில் ஏற முடியாது. தக்காளிக் கொடி கயிற்றில் தொங்குகிறது. ஏறினால் கொடி, கயிறு, நான் மூவரும் சேர்ந்து இறங்குவோம். ஸ்ட்ராபெரி எனக்கு முன்பே மேசை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் கூரை. அந்தக் கூரையில் ஏறலாம், தோட்டக்காரர் பார்க்கும்வரை.

மரமே வேண்டுமென்றால் பிரிஞ்சாங் மலைக்குத்தான் போக வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் உயரம். பாசிக் காடு, முறுக்கிக்கொண்டு நிற்கும் பழைய மரங்கள், உடம்பெல்லாம் ஈரப் பாசி. ஏறுவதற்கு வழுக்கும், இறங்குவதற்கு முயற்சியே தேவையில்லை. சரி, பிடிவாதமாக ஏறிவிட்டேன் என்றே வையுங்கள். ஏறிப் பார்த்தால், மலையுச்சியில் ஏற்கெனவே ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. கோபுரத்துக்குப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து படிப்பவனை எந்தப் பத்திரிகை போடும்? தன்முனைப்புக்குக் கொஞ்சமாவது பஞ்சம் வேண்டாமா?

அப்படியும் ஏதோ ஒரு மரம் அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். சபாவில் கொசுவலை போதும். இங்கே கம்பளி, ஸ்வெட்டர், காலுறை, குரங்குக் குல்லா, குல்லாவுக்கு மேல் மழைக்கோட்டு. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மலை இது. அதில் கணிசமான பகுதி என் தேர்வு வாரத்தில்தான் பெய்யும். அம்மா அரை மணிக்கொரு தரம் கீழே வந்து, "மிலோ கலக்கவா?" என்பார். அத்தை வந்து, மரத்தின் பெயர் என்ன, அதில் பேய் உண்டா என்று விசாரிப்பார். பெரியப்பா காணொளி எடுப்பார். தம் முகம் பக்கம் கேமராவைத் திருப்பி. சனிக்கிழமையாக இருந்தால் கதை முடிந்தது. கியா பார்மில் தொடங்கி நகராமல் நிற்கும் காடிகளிலிருந்து கோலாலம்பூர்க்காரர்கள் இறங்கி, மரத்தடியில் குடும்பப்படம் எடுத்துக்கொண்டு, "தம்பி, ஸ்ட்ராபெரி கிலோ எத்தனை வெள்ளி?" என்று அண்ணாந்து கேட்பார்கள். வேதியியல் கேள்விக்கு நான் அந்த விலையைப் பதிலாக எழுதுவேன்.

அடுத்து நிருபர் வருவார். அவர் வந்தால் மரம் இரண்டாம்பட்சம். அவருக்கு வேண்டியது கூடை.

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு அக்காவுக்கு எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. செய்தி எடுக்க வந்தவர், "அம்மா கொழுந்துக் கூடையோட நிக்கட்டும்" என்றார். அந்த அம்மா வேலை செய்வது காய்கறி அடுக்கும் கொட்டகையில். தேயிலைக் காட்டுக்குள் போயே பல காலம். காட்டிலும் இப்போது விரலால் கிள்ளுவது அரிது. கத்தரியும் இயந்திரமும்தான் பெரும்பாலும். அவற்றைப் பிடித்திருப்பவர்களில் நிறையப் பேர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். எவ்வளவு சொல்லியும் நிருபர் அசையவில்லை. கடைசியில் சுற்றுலாப் பொருள் விற்கும் கடையிலிருந்து ஒரு கூடை இரவல் வந்தது. மறுநாள் தாளில் அம்மா, மகள், கூடை. உற்றுப் பார்த்தால் கூடையின் ஓரத்தில் விலைச்சீட்டும். தலைப்பில் "கண்ணீர்" இருந்தது. அந்த அக்கா எங்கள் வரிசையிலேயே அதிகமாகச் சிரிக்கிறவர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதித்தவர்கள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. மு. மகேந்திரனும் நா. மோகனதாசும் 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அங்கே கால் வைத்த முதல் மலேசியர்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் மேட்டுக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வர நான் முனகும்போதெல்லாம் அவர்கள் இருவரையும் வீட்டுக்குள் அழைத்து வருவது நியாயமா? ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி 2022 ஜூனில் காடி விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து கிடந்தார். மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். கேட்கும்போது எனக்கும் சிலிர்க்கிறது. அத்தைக்கு அது காய்ச்சல் மருந்து. "அந்தப் பிள்ளை கழுத்து உடைஞ்சே எழுந்திருச்சிருக்கு, உனக்குச் சளிதானேடா?" அப்துல் கலாம் சின்ன வயதில் பத்திரிகை போட்ட கதையை எடுத்தால் பெரியப்பா தனியாக அரை மணி நேரம் பேசுவார். கலாம் போட்ட பத்திரிகையை யாராவது உள்ளேயும் படித்திருப்பார்கள். பெரியப்பா தலைப்போடு சரி.

உள்ளே படித்திருந்தால் தெரிந்திருக்கும். மரத்துக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. 2020 செப்டம்பரில் துணையமைச்சர் ஒருவர் மேலவையில் எழுந்து, அந்தப் பெண்ணுக்கு அன்று தேர்வே இல்லை என்றார். தேர்வு இருந்தது என்பதைப் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்தியது. துணையமைச்சர் மன்னிப்புக் கேட்டார். மரத்தில் ஏறியவரை எல்லாரும் பாராட்டினார்கள். ஏன் ஏற வேண்டி வந்தது என்ற பேச்சு எழுந்ததும், தேர்வு இருந்ததா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பாகத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதுவரை ஒருவரும் அனுப்பவில்லை.

எஸ்.பி.எம். கதைக்கும் இப்படித்தான். முடிவு வந்த வாரம் "ஏழை வீட்டு மாணவி சாதனை" என்று முதல் பக்கம். சில வாரம் கழித்து, பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பான மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்கவில்லை என்று அதே மாதிரி ஒரு மாணவி உள்பக்கத்தில். 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு என்ற கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. 10 ஏ எடுத்தால் இனம் பாராமல் இடம் உண்டு என்ற அறிவிப்பு 2024இல்தான் வந்தது. 9 ஏ எடுத்தவர் என்ன செய்வார்? மரம் தேடுவார்.

இரண்டாம் பாடமும் மூன்றாம் பாடமும் பாக்கி என்பது நினைவிருக்கிறது. இடமில்லை. விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைக்கட்டும். குறைந்த மதிப்பெண்ணிலிருந்து மீண்டு வந்தவன் என்று பின்னால் என்னைப் பற்றியும் ஒரு செய்தி போட்டுக்கொள்ளலாம்.

பெரியப்பாமார்களே, அத்தைமார்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு செய்தி வந்தால் கடைசி வரிவரை படியுங்கள். படித்த பிறகும் யாருக்காவது அனுப்பியே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். கோபுரம் நடுவதற்கும் இடம் ஒதுக்குவதற்கும் குரல் கொடுக்க வேண்டியவர் அவர்தான். தன்முனைப்பு அவருக்குத்தான் அவசரமாகத் தேவைப்படுகிறது.