‘டவர் இல்ல’: பேரையூர்ப் பாடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வென்றால் நோக்கம், கருதுகோள், எல்லை மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோக்கம்: பேரையூரில் பேருந்து நிற்குமிடத்துக்கு எதிர்த்த டீக்கடைப் பெஞ்சில் அன்றாடம் நடக்கும் செல்போன் வாதத்தை நெறிப்படி ஆராய்தல். கருதுகோள்: அந்த வாதம் முடியாது. எல்லை: பெஞ்சின் இரு முனைகள். டீ ஆற்றுபவர் பெஞ்சுக்கு வெளியே நிற்பவர் ஆதலால் அவர் கருத்து கணக்கில் கொள்ளப்படவில்லை. சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பது கட்டுரை முடியும் தறுவாயில் தெரியவந்தது. அதற்காக எல்லையை மாற்றினால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார்.

இத்துறையில் முன்னாய்வு எதுவும் இல்லை. ஆயினும் ‘முன்னாய்வாளர் காணத் தவறினர்’ என்று ஒரு வரி எழுதுவது மரபு. எழுதியாயிற்று.

முதலில் பெயர். ஒரு நிலப்பரப்பைத் தேன்கூட்டு அறைகள் போலக் கூறுபோட்டு, கூறுக்கொரு கோபுரம் என்று வைப்பதால் ‘செல்லுலார்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தது. அதன் சுருக்கமே ‘செல்’. இது எல்லோருக்கும் தெரியும், ஆகவே ஆய்வுக்கு உதவாது. உலகத்துச் சொல்லெல்லாம் நம் வேரில் முளைத்தது என்று நிறுவும் வேர்ச்சொல் அறிஞர் வழியில் நின்று பார்த்தால், ‘செல்லுதல்’ என்ற நம் வினைதான் கப்பலேறிப் போய் மேல்நாட்டுப் பட்டத்தோடு திரும்பியிருக்கிறது. சான்று: பழைய போனை மாற்றப் போனால் கடைக்காரர் ‘இது செல்லாதுண்ணே’ என்கிறார். மறுதரப்பு விடுவதாக இல்லை. செல் என்றால் கறையான் என்கிறது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய காலத்தில், பல வீடுகளில் அவருக்கு முன்பே நுழைந்து வாசித்து முடித்திருந்தது அந்தச் செல்தான். அன்று ஏட்டைத் தின்றது இன்று படிக்கிறவனைத் தின்கிறது என்று ஒருவர் சொல்ல, பெஞ்சே கைதட்டியது. கைதட்டல் சான்றாகாது என்று கருத்தரங்குகளில் எவரும் எழுந்து சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்திணைப் பகுப்பு: செய்யலாம். வேண்டாம்.

இனி ஆய்வின் கருப்பொருள். டீக்கடையிலிருந்து பார்த்தால் இரும்புக் கோபுரம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. உச்சியில் சிவப்பு விளக்கு, நடுவில் இரண்டு காக்கை. அதையே அண்ணாந்து பார்த்தபடி, காதில் போனை அழுத்திக்கொண்டு ஒருவர், “டவர் இல்ல மாப்ள, அங்கிட்டுப் போயிப் பேசுறேன்” என்கிறார். எதிரே நிற்பதை இல்லை என்பது பொய்யா, மாயாவாதமா?

இரண்டும் இல்லை, ஆகுபெயர். ‘யாழ் கேட்டாள்’ என்றால் மரத்தையும் நரம்பையுமா கேட்டாள்? அதன் இசையைக் கேட்டாள். கருவியின் பெயர் அதனால் பிறந்த காரியத்துக்கு ஆகிவந்தது. அதுபோல, கோபுரத்தின் பெயர் அதிலிருந்து புறப்படும் அலைக்கு ஆகிவந்தது. ஆகவே இது கருவியாகுபெயர் (கிழக்கு முனை உரை, முதல் டீ). இதை மேற்கு முனை ஏற்கவில்லை. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தது போல, டவரில் உள்ளது வரவில்லை என்பதே கருத்து. ஆகவே இடவாகுபெயர் (மேற்கு முனை மறுப்பு, முதல் டீ, ஆடையை எடுத்துப் போட்ட பின்). இருவருக்கும் இடையில் நசுங்கி உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தானியாகுபெயர் என்றார். ‘பாலை இறக்கு’ என்றால் பாத்திரத்தைத்தானே இறக்குகிறோம்? உள்ளிருக்கும் பொருளின் பெயர் அது இருக்கும் இடத்துக்கு ஆகும். அப்படியானால் டவர் அலைக்குள் இருக்கிறதா, அலை டவருக்குள் இருக்கிறதா என்று கிழக்கு கேட்டது. ஆசிரியர் யோசிக்க இரண்டாவது டீ சொன்னார் (நடுப்பெஞ்சு விருத்தியுரை, இரண்டாம் டீ, கடன், கடைச்சுவரில் கரிக்கட்டியால் எழுதியது, தென்மேற்கு மூலை, சாரலில் பாதி அழிந்தது). மறுநாள் அவர் தம் கொள்கையை விரித்துரைத்தார் (மேலது. இங்கே மேலது என்பது சுவரில் அதற்கு மேலே எழுதியிருப்பது). அதற்கு மறுப்பு, முந்திய இரண்டையும் மறைத்து ஒட்டிய பூப்புனித நீராட்டுச் சுவரொட்டியின் ஓரத்தில் பேனாவால் எழுதப்பட்டுள்ளது (மேலதன் மேலது; ஒட்டியவர் கிழித்துக்கொண்டு போனதால் இப்பகுதி கிடைக்கப்பெறாத நூல்களுள் ஒன்று). இந்த இடத்தில் நான் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கை நினைத்துக்கொண்டேன். கட்டணம் கட்டினேன். பன்னாடு என்பது உள்ளூர்க் கல்லூரிகள் மூன்றும் காணொளியில் வந்த ஒருவரும். கட்டுரைத் தொகுதி தலையணை கனத்தில் வந்தது, ஒவ்வொருவரும் அவரவர் கட்டுரையை மட்டும் வாசித்தோம். அதைவிடச் சுவரைப் படித்தவர்கள் அதிகம்.

பாடபேதமும் உண்டு. உசிலம்பட்டிப் பாடம் ‘டவர் கிடைக்கல’. எழுமலைப் பாடம் ‘டவர் எடுக்கல’. ‘கேக்கல, கேக்கல, நீ பேசு’ என்பது தாய்மார் பாடம், மூவிடத்துக்கும் பொது. ‘நெட்வொர்க் இஷ்யூ’ என்ற பாடம் மதுரையிலிருந்து கடைசிப் பேருந்தில் வந்த பிள்ளைகள் வாயில் காணப்படுகிறது. இடைச்செருகல் என்று தள்ளப்பட்டது.

பெஞ்சு பிடிவாதமாக ஒதுக்கிய ஒரு செய்தியையும் நேர்மை கருதிக் குறிக்கிறேன். அலைவரிசை தாழத் தாழ அலை தூரம் போகும், சுவரையும் ஒருவாறு ஊடுருவும். 900 மெகாஹெர்ட்ஸில் வருவது வீட்டுக்குள் வந்து பாயில் உட்காரும்; 2,300-இல் வருவது வாசலோடு நின்றுவிடும். தகரக் கொட்டகை என்றால் இரண்டுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் அழைப்பு வந்ததும் சாப்பிட்ட கையோடு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடுகிறோம். இந்த ஓட்டத்துக்கு இலக்கணத்தில் இடம் இல்லை என்பதால் பெஞ்சு இதில் அக்கறை காட்டவில்லை.

அடுத்தது கோடு. ‘மூணு கோடு காட்டுது, பேச முடியல’ என்பது நாள்பட்ட முறையீடு. எத்தனை கோடு என்றால் எவ்வளவு வலு என்பதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவே கிடையாது. அவரவர் போன், அவரவர் கோடு. 2010-இல் ஐபோன் 4 வந்தபோது, இடப்பக்கக் கீழ்மூலையை உள்ளங்கை மூடினால் கோடுகள் உதிர்ந்தன. ஆன்டெனாவே வெளிச்சட்டமாக இருந்ததால் வந்த வினை. அப்படிப் பிடிக்காதீர்கள் என்பதே ஸ்டீவ் ஜாப்ஸின் முதல் மறுமொழி. கோட்டைக் கணக்கிடும் சூத்திரமே தப்பு, பல இடங்களில் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவந்தோம் என்று ஜூலையில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பிறகு உறை இலவசமாகக் கொடுத்தது. குறையைக் கையில் ஏற்றிச் சொன்னது பெஞ்சுக்கு மிகவும் பிடித்துப்போய், அன்றிலிருந்து யார் போனில் எது கெட்டாலும் ‘நீ பிடிக்கிற லட்சணம் அப்படி’ என்பது தீர்ப்பாயிற்று.

கம்பெனி என்னும் பகுதிக்கு வருவோம். போனுக்கும் கம்பெனிக்கும் உள்ள உறவு ஆறாம் வேற்றுமைப் பொருளில் வரும். சிம்மைக் கழற்றி இன்னொரு செட்டில் போட முடிந்தால் பிறிதின்கிழமை. 2003-இல் வந்த ரிலையன்ஸ் சிடிஎம்ஏ செட்டில் கழற்றச் சிம்மே இருக்காது, நம்பர் செட்டுக்குள்ளேயே குடியிருக்கும்; அது தற்கிழமை. ‘எனது கை’ என்பது போல ‘எனது ரிலையன்ஸ்’. வெட்டினால்தான் பிரியும். இந்த ஒரு பத்தியில் நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. தமிழாசிரியர் எழுந்து கைகொடுத்தார்.

2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்ற வழி வந்தது. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், குறியெண் வரும், அதைக் கொண்டுபோய்ப் புதுக் கம்பெனியில் கொடுக்க வேண்டும். எளிய வழி, ஒரு நிபந்தனையோடு: குறுஞ்செய்தி போக டவர் வேண்டும். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018 பிப்ரவரியில் படுத்தபோது இந்த நிபந்தனையின் முழு ஆழமும் விளங்கியது. டவர் இல்லாததால் விலக வேண்டும். விலக டவர் வேண்டும். தர்க்கநூலார் இதை அன்னியோன்னியாச்சிரயம் என்பர். அன்று சிம்மை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர்கள் வேறு பெயர் சொன்னார்கள். அச்சிட முடியாது.

வன்பொருட் குறைகளைப் பற்றிக் கள ஆய்வு தேவைப்பட்டதால், எங்கள் வீட்டு டிவி மேசை இழுப்பறையைத் தோண்டினேன். பக்கத்து டி.கல்லுப்பட்டியில் தொல்லியல் துறை 1976-இல் தோண்டியிருக்கிறது. அந்த மண்ணின் காற்று எனக்கும் கொஞ்சம் பட்டிருக்கும். மேலடுக்கில், திரையில் நெட்டுக்குத்தாகப் பச்சைக்கோடு விழுந்த தொடுதிரைப் போன் ஒன்று. அதற்குக் கீழே, பேட்டரி ஆப்பம் போல உப்பி முதுகு திறந்துகொண்டது ஒன்று. சூட்டிலும் முதுமையிலும் லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்பும், அதை அமுக்கிப் பார்ப்பது ஆபத்து, நான் அமுக்கவில்லை. மூன்றாம் அடுக்கில் அரிசி மணிகள். தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவில் புதைக்கும் சடங்கின் எச்சம் இது. அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும், புதைக்காதீர்கள் என்று ஆப்பிளே 2024-இல் எழுதிவிட்டது, சடங்கு நிற்கவில்லை. அடியடுக்கில் நோக்கியா 1100. 2003-இல் வந்தது, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது, தலையில் டார்ச் வைத்தது. அதனுள் பிஎல்-5சி பேட்டரி. 2007 ஆகஸ்டில் இந்த வகையில் 4.6 கோடி பேட்டரி சூடேறலாம் என்று அறிவிப்பு வந்ததும், ஊரே பின்மூடியைக் கழற்றி 26 எழுத்தெண்ணை விரல் வைத்துப் படித்தது. அத்தனை கவனமாகப் படிக்கப்பட்ட மூலபாடம் அண்மைக் காலத்தில் வேறில்லை. அதற்கும் கீழே கன்னிமண்: இரண்டு ஊக்கு, ஒரு ரேஷன் கார்டு நகல். இந்த அடுக்குகளின் காலத்தை நானே கணித்தேன். திருத்தி எழுதித் தரும்படி எனக்குக் கடிதம் ஏதும் வரவில்லை.

தீப்பிடித்த கேலக்ஸி நோட் 7 (2016) இழுப்பறையில் அகப்படவில்லை, அகப்படவும் செய்யாது. இந்தியாவில் அது கடைக்கே வரவில்லை. ஆனாலும் நம் விமானங்களில் அதற்குத் தடை இருந்தது. பெஞ்சிலும் அதன் மேல் இரண்டு வாரம் வழக்கு நடந்தது. கண்ணால் காணாத பொருளைப் பற்றித்தான் உரை விரிவாக எழுத வரும் என்பதைக் குமரிக்கண்டத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள் நமக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

ஆய்வின் இறுதிக் கட்டத்தில் என் போனே சார்ஜ் ஏறாமல் போனது. பெஞ்சில் வைத்தேன். கிழக்கு முனை ‘மதர்போர்டு’ என்றது. மேற்கு ‘சார்ஜிங் ஐசி’ என்றது. தமிழாசிரியர் அப்டேட் போட்டதுதான் காரணம், மூலத்தைத் திருத்தினால் இப்படித்தான் என்றார். நான்கு நாள், பதினோரு டீ. டீ ஆற்றுகிறவர் முதல் நாளே, “ஓட்டைக்குள்ள அழுக்கு இருக்கும், பாருங்கண்ணே” என்றார். எல்லைக்கு வெளியே என்பதால் குறித்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் கடைவீதியில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். பையனுக்கு இருபது வயது இருக்கும். போனை வெளிச்சத்தில் சாய்த்து ஓட்டையைப் பார்த்தான், ஊசியை விட்டு மெதுவாக ஒரு நெம்பு நெம்பினான். கறுப்பாக, வெல்லம் மாதிரி கெட்டித்த பஞ்சு ஒரு துண்டு வந்தது. கரிசல் புழுதியும் சட்டைப்பை நூலும் சேர்ந்து இறுகியது. வயரைச் சொருகினான். ஏறியது.

“எவ்வளவுப்பா?”

“இதுக்கெல்லாம் எதுக்குண்ணே காசு.”

பருத்தி விளையும் மண்ணுக்கும் சார்ஜ் ஏறாமைக்கும் உள்ள தொடர்பு என்று தனி இயலே எழுதலாமே என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பஞ்சை ஒரு காகிதத்தில் மடித்துத் தரச் சொன்னேன்.

“ஊதிவிட்டுட்டேனேண்ணே” என்றான்.