மூச்சை விடுங்க சார்!

கல்யாண வரவேற்புக்குக் கோட் தைக்கக் கிளம்பும் மாப்பிள்ளையைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். துணைக்கு நாலு பேர் வருவார்கள். கையில் செல்போன், அதில் ஜேம்ஸ் பாண்டாக டேனியல் கிரெய்க். "இதே மாதிரி" என்று மாஸ்டரிடம் காட்டுவார். மாஸ்டர் படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், "அடிச்சுடலாம் சார்" என்பார். தொழில் தர்மம் அது.

கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் சேர்த்து மூணேகால் மீட்டர் துணி. கடைக்காரர் "சூப்பர் 120" என்றதும், ஜாதகத்தில் பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று கேட்டது போல மாப்பிள்ளை முகம் மலரும். அந்த எண் கம்பளி இழையின் மென்மைக்கான கணக்கு. 120 என்றால் இழை 17.75 மைக்ரானுக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது. இழை மெலிய மெலியத் துணி வழுக்கிக்கொண்டு விழும். சீக்கிரம் கசங்கவும் செய்யும். மே மாதத்தில், வீடியோ விளக்குக்கு நேராக, மூன்று மணி நேரம் மொய்க்கவர் வாங்கப் போகிறவர் இதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அவர் கேட்பது வேறு: "150 இருக்கா?"

அளவெடுக்கும் கட்டம்தான் அபாரம். டேப் இடுப்பைத் தொட்டவுடன் வயிறு முதுகோடு ஒட்டிக்கொள்ளும், மார்பு புடைக்கும், கண்கள் மேலே போகும்.

"மூச்சை விடுங்க சார்."

"விட்டுட்டேன் மாஸ்டர்."

மாஸ்டர் டேப்பைத் தளர்த்தாமல், வானிலை பற்றியும் மண்டபத்து வாடகை பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறந்தாக வேண்டும். திறந்ததும் வயிறு வெளியே வரும். "நாப்பது!" என்று மாஸ்டர் நோட்டுப் பையனுக்குக் கூவுவார். பெண் வீட்டு மாமா உட்படக் கடை முழுவதற்கும் அது கேட்கும்.

லண்டனின் தையற்கடைத் தெருவான சாவில் ரோவில் இந்தச் சங்கடம் இல்லை. வலது தோள் இறங்கியிருந்தால் 'டி.ஆர்.எஸ்.' என்று மூன்றெழுத்தில் குறித்துக்கொண்டு, புன்னகை மாறாமல் அடுத்த அளவுக்குப் போய்விடுவார்கள். நம் மாஸ்டர் "ஒரு தோள் இறக்கமா இருக்கு, பஞ்சு வச்சுத் தூக்கிடலாம்" என்று உரக்கவே சொல்வார். ஆனால் சொன்னபடி தூக்கியும் விடுவார். இரண்டு தோளும் சமமாக வந்துவிடும். இருபத்தெட்டு வருஷம் பெற்றவர்கள் கண்ணில் படாத கோணலை ஒரே பார்வையில் பிடிக்கும் மனிதருக்கு இந்த உரத்த குரலை மன்னிக்கலாம்.

இந்தக் கோட் ஆசையை இளக்காரம் செய்யவும் முடியாது. 1888இல் லண்டன் போன காந்தியே பாண்ட் தெருவில் பத்து பவுன் கொடுத்து மாலைநேர சூட் தைத்துக்கொண்டவர். டை கட்டவும் தலை வாரவும் தினம் பத்து நிமிஷம் பெரிய கண்ணாடி முன் நின்றதையும் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். அவர் அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பரில், நம் மதுரையில். நம் மாப்பிள்ளைக்கு அவ்வளவு தூரம் போகும் உத்தேசம் இல்லை.

ட்ரையலுக்கு வந்தால் முதல் அதிர்ச்சி. ஒரு கை இல்லை, காலர் இல்லை, உடம்பெங்கும் வெள்ளை நூல் ஓட்டம். கேன்வாஸ் வெளியே எட்டிப் பார்க்கும். "இதுதானா?" என்று அம்மா பதறுவார். மாஸ்டர் சாக்குக்கட்டியால் முதுகில் கோடு கிழித்துக்கொண்டே இருப்பார். "கொஞ்சம் லூசா வைங்க, கல்யாணத்துக்கப்புறம் உடம்பு போடும்" என்பார் அம்மா. "டைட்டா இருந்தாத்தான் ஸ்டைல்" என்பான் தம்பி. மாஸ்டர் இருவருக்கும் தலையாட்டிவிட்டு, உள்தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டுவைப்பார். அம்மா சொன்னதுதான் நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கோட் வந்த பிறகு மாப்பிள்ளை நடையே வேறு. 1962இல் வெளிவந்த 'டாக்டர் நோ' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக ஷான் கானரியைத் தன் சொந்தத் தையற்காரர் ஆண்டனி சின்க்ளேரிடம் அழைத்துப் போன இயக்குநர் டெரன்ஸ் யங், சூட் உடம்பில் பழக வேண்டும் என்று அதோடேயே தூங்கச் சொன்னதாகக் கதை உண்டு. நம்மவர் உட்காரவே மாட்டார். கசங்கிவிடுமாம். அடிப் பட்டனைப் போடக் கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எல்லாப் பட்டனையும் போட்டுக்கொண்டு நிற்கும் சித்தப்பாவை மேடையிலேயே திருத்துவார். கைப் பட்டனுக்கு நிஜமாகவே காஜா எடுத்திருப்பதைக் காட்ட ஒன்றை மட்டும் அவிழ்த்துவிட்டிருப்பார். வாழ்த்த வந்த ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. மாப்பிள்ளையின் பட்டன் அவிழ்ந்திருக்கிறதே என்று பாட்டி மட்டும் போட்டுவிட்டுப் போவார்.

பிறகு கோட் பீரோவுக்குள் பாச்சை உருண்டையோடு குடியேறும். மச்சினன் கல்யாணத்துக்கு வெளியே வரும்போது பட்டன் துளையை எட்டாது. மறுநாளே மாஸ்டர் கடை.

"துணி சுருங்கிடுச்சு மாஸ்டர்."

மாஸ்டர் அப்போதே உள்தையலைப் பிரிக்க ஆரம்பித்திருப்பார். "ஆமா சார், ட்ரைவாஷ் பண்ணா சுருங்கத்தான் செய்யும்."

அந்தக் கோட் அதுவரை ஒரு தடவைகூட ட்ரைவாஷுக்குப் போயிருக்காது.