மாமன் சொன்னா கேக்கவா போற?

வா மாப்ள. லேப்டாப்ப மெத்தையில வச்சி, சார்ஜுல சொருவி, மேல போர்வையும் போத்திட்டுத் தூங்குறியாமே, உங்கம்மா சொன்னா. நல்லது. மார்கழிப் பனிக்குக் கணப்பு வேணுமில்ல, வெறகுக் காசாவது மிச்சம்.

கம்பெனிக்காரன் மெயில் போட்டானாம், இந்த பேட்டரி சூடாவுது, குடுத்துட்டு வேற புதுசு வாங்கிக்கோ, காசு வேணாம்னு. நீ தெறந்துகூட பாக்கலியாம். பொங்கக் கரும்புன்னா ரேஷன் கடையில வெடியக்காலம் மூணு மணிக்கே செருப்பப் போட்டு எடம் புடிக்கிற ஊரு நம்மளுது. பேட்டரி சும்மா தரேன்னா மட்டும் நமக்குக் கவுரவம் வந்துடுது.

"எனக்கு வெடிக்கலியே மாமா"ங்கிற. அதுவும் சரிதான். 2006 ஆகஸ்ட்டுல டெல்லுக்காரனுக்கு வந்த பொகாரு வெறும் ஆறு. அதுக்குப் போயி 41 லட்சம் பேட்டரியத் திருப்பிக் கேட்டான். அதே மாசம் ஆப்பிள்காரன் 18 லட்சம். ரெண்டுத்துலயும் உள்ள இருந்தது சோனி செல்லு. அண்ணாமலை யுனிவர்சிட்டியில உன்னாட்டம் படிச்சிருந்தா அவனுங்களுக்குக் கணக்கு வந்திருக்கும், பாவம். செய்யும்போது இத்துணூண்டு உலோகத் துகளு உள்ள வுழுந்துடுச்சி. எதுல வுழுந்துச்சின்னு வெளியப் பாத்தா தெரியாது, அதான் மொத்தத்தையும் கூப்ட்டான். நடுவுல இருக்குற மெல்லிசுத் தடுப்ப அது குத்திடுச்சின்னா ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும். அப்பறம் ஈரத்தோட போட்ட வைக்கப்போரு கததான். உள்ளுக்குள்ளயே சூடேறும், சூடே இன்னும் சூட்டக் கெளப்பும், பொக வரும்போதுதான் உனக்குச் சேதி வரும்.

நோக்கியா பி.எல்.5சி ஞாபகம் இருக்குதா? 2007. ஜப்பான் கம்பெனி மட்சுஷிட்டா செஞ்சது 4 கோடி 60 லட்சம் பேட்டரி, சார்ஜ் போட்டா சூடாவும்னு சொல்லிட்டான். தெருவே பேட்டரியக் கழட்டிக் கையில வச்சிட்டு நின்னுச்சி. பின்னால எறும்பாட்டம் 26 எழுத்து. கண்ணாடி இல்லாத கெழடுங்களுக்கெல்லாம் பொடியன் நீதான் உக்காந்து படிச்சி சொன்ன. இப்ப இன்ஜினியர் ஆயிட்ட, நம்பரு படிக்கிறதெல்லாம் சின்னப் புள்ள வேல.

2016 செப்டம்பர்ல சிங்கப்பூர்லேர்ந்து மெட்ராஸ் வந்த இண்டிகோ பிளேன்ல, தலைக்கு மேல பொட்டி வைக்கிற எடத்துல பொக. சாம்சங் போனு. அணைச்சி, கக்கூஸுல தண்ணிக்குள்ள முக்கி வச்சி எறக்குனாங்க. அங்க பாத்துக்க ஆளு இருந்துச்சி. நம்ம வூட்டுல நடுராத்திரி யாரு? உங்கம்மா. அவ சீரியல் பாத்த அசதியில கெடப்பா.

அந்தப் பழைய லேப்டாப்புக்கு மஞ்சக்குப்பத்துல பாதி வெலைக்கு ஒரு பேட்டரி வாங்கி மாட்டுனியே, அது கெட்டிக்காரத்தனம். அதுக்கு ரீகால் வரவே வராது. செஞ்சவன் பேரு இருந்தாத்தான கூப்புடுவான்?

சரி, எழுந்திரு. அடியில இருக்குற நம்பரப் படிச்சி கம்பெனிக்காரன் சொன்ன எடத்துல போட்டுப் பாரு. திருப்பிக் கேட்ட பேட்டரி இதுதான்னா, கழட்ட வந்தா கழட்டி வச்சிட்டுக் கரண்ட்டுல ஓட்டு, வரலன்னா மொத்தமா அணைச்சி வை. உப்பியிருந்தா ஊசி வச்சிக் குத்திப் பாக்காத, குப்பையிலயும் கடாசாத.

முடியாதுன்னா அதக் கட்டிப் புடிச்சிட்டுத் திண்ணையிலயே படு. வூடு உங்கப்பன் லோன்ல கட்டுனது, தவணை இன்னும் பாக்கி இருக்குது.